பிடாரி குளத்தைத் தூர்த்தவள்

வா தியாகு. வருவேன்னு தெரியும். கருமாதி முடிஞ்சு ரெண்டு நாளாவுது. பெட்டியக் கட்டிக்கிட்டுக் கத்தார் போறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு வாசப்படிய ஒரு தடவ ஏறிட்டுத்தான் போவேன்னு தெரியும். உக்காரு. மாட்டியா? சரி, நில்லு. நிக்கிறவன உக்காருன்னு கெஞ்சுற வழக்கம் எங்கிட்ட கெடையாது.

முன்னெல்லாம் அத்தைன்னு கூப்புடுவ. இப்ப "ஏங்க"ன்னு ஆரம்பிக்கிற. நடக்கட்டும்.

நீ என்ன கேக்க வந்திருக்கேன்னு நானே சொல்லிடுறேன், உனக்கு எதுக்கு வாய் வலிக்கணும். செவ்வாக்கெழமை காலையில பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணுன. "அத்தை, நேத்துலேந்து அம்மா போன எடுக்கல, செத்த போயிப் பாருங்க"ன்ன. நா போவல. போவாமலே, "இப்பத்தான் கொல்லையில பாத்தேன், நல்லாத்தான் இருக்கா"ன்னுட்டேன். அந்நேரம் உங்கம்மா பாத்ரூம்ல இடுப்பு ஒடிஞ்சு கெடந்தா. புதங்கெழமை கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளுதான் பாத்துக் கத்துனான். ஏன் அப்படிச் சொன்னே, அதானே உன் கேள்வி?

சொல்றேன். மொதல்லேந்துதான் சொல்லுவேன். உங்கம்மா செங்கமலம் பன்னெண்டு வருஷமா அவ பக்கத்தைப் போன்ல உனக்கு ஓதியிருப்பா. எம் பக்கத்தையும் நின்னு கேட்டுட்டுப் போ. ஊர்ல எவளும் எங்கிட்ட கேக்கல. கேக்காமலே தீர்ப்பு எழுதிட்டாளுவோ.

எல்லாத்துக்கும் அந்தக் கொளந்தான் காரணம். பிடாரி கொளம். உங்க எல்லாருக்கும் அது சாமி. எனக்கு அது சனியன்.

நா மாயவரத்துக்காரி. எங்கப்பா வீட்டுல கெணறு உண்டு, தட்டி கட்டிக் குளிக்கிற எடம் உண்டு. கல்யாணமாயி வந்த மறுநாள் எம் மாமியா மஞ்சக் கெழங்கைக் கையில குடுத்து, "போயி முழுகிட்டு வா"ன்னுச்சு. போனேன். கெழக்கால பொம்பளைங்க படித்துறை. ஒம்போது பேரு ஒக்காந்திருக்காளுவோ. பாவாடைய நெஞ்சுல ஏத்திக் கட்டிக்கிட்டு நா எறங்குறேன், அத்தன கண்ணும் எம்மேலதான். எத்தன பவுன் போட்டிருக்கா, முதுகுல என்ன தழும்பு, எல்லாம் ஒரே முழுக்குல பாத்துட்டாளுவோ. அதுல ஒருத்தி, "மாயவரத்துப் பொண்ணுக்கு நீச்சல் தெரியாது போலருக்கே, கல்லப் புடிச்சுக்கிட்டு முழுகுறா"ன்னு சிரிச்சா. அதான் உங்கம்மா. மொத நாளு, மொத வார்த்தை. நா மறப்பேனா?

அந்தப் படித்துறையில ஒரு வழக்கம் இருந்துச்சு. உனக்குத் தெரியாது, நீ மேக்கால ஆம்பளத் துறையில கெடந்தவன். பொம்பளைங்க ஒவ்வொருத்திக்கும் ஒரு கல்லு, ஒரு நேரம். மொதல்ல தனபாக்கியம், அடுத்தது உங்கம்மா, அப்புறம் நா. ஒருத்தி வரலேன்னா அவ கல்லுல வேற யாரும் துணி தோய்க்க மாட்டாளுவோ. ஒரு புடவைய அலசிப் பிழியறதுக்குள்ள கேள்வி வந்துடும், "எங்கடி அவளக் காணும்?"னு. ஒருத்தி ஈரத்துணியோட எந்திரிச்சுப் போயி அந்த வீட்டு வாசல்ல நின்னு கத்துவா. காய்ச்சல்னா காய்ச்சல்னு உள்ளேந்து பதில் சொல்லணும். தூரம்னா தூரம்னு சொல்லணும். புருஷன் அடிச்சு மூஞ்சி வீங்கியிருந்தா அதையும் வந்து காட்டணும். பதில் வரலேன்னா உள்ள பூந்துடுவாளுவோ. இதுக்கு அவளுவோ வச்ச பேரு அக்கறை. நா வச்ச பேரு வேவு.

சிரிக்கிறியா? சிரிக்கல, சரி. என்னமோ ஒதடு அசைஞ்சுது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மாசம். எம் மாமியா காலமாயிடுச்சு. உங்க மாமா நெல்லு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருந்தாரு. எம் பொண்ணு மங்கைக்கு அஞ்சு வயசு, எங்கப்பா வீட்டுல விட்டிருந்தேன். எனக்கு ரெண்டாவது நாலு மாசம். விடியக்கால வயித்த வலிச்சுது. அடுப்படியில விழுந்துட்டேன். ஒரே ரத்தம். கத்தணும்னு பாக்குறேன், சத்தம் வரல. தரையில மொகத்த வச்சுக்கிட்டு வாசக்கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. அப்புறம் கொல்லக் கதவு ஒடையற சத்தம். உங்கம்மா! ஈரப்பாவாடை, தலையில சீயக்கா அலசாம அப்படியே வழியுது, கையில துணி அடிக்கிற கட்டை. அந்தக் கட்டையால தாழ்ப்பாள ஒடச்சிருக்கா. புதுத் தாழ்ப்பா அது. "உன் கல்லு காலியாக் கெடந்துச்சுடி"ன்னா. அவளும் தனபாக்கியமும் என்னை நாக்காலியில வச்சு ரோடு வரைக்கும் தூக்கிக்கிட்டு ஓடுனாளுவோ. மணல் லாரிய மறிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாளுவோ.

இன்னும் அரை மணி போயிருந்தா நா இல்லேன்னாங்க டாக்டரம்மா. சரி. நன்றி சொல்லலேன்னு நெனக்காத. சொன்னேன். ஒரு தடவ சொன்னேன், அது போதும். ஆனா மறுநாள் படித்துறையில என்ன பேச்சு தெரியுமா? "தையல்நாயகிக்கு இனிமே புள்ள கெடையாது, கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க." எனக்கே மூணு நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க தியாகு. எனக்கு முன்னாடி கொளத்துக்குத் தெரிஞ்சிருக்கு! எவ சொன்னா? கூட வந்தவதானே சொல்லியிருக்கணும்? என் வயித்துல என்ன இருக்கு, என்ன இல்லேன்னு அந்தக் கல்லுல வச்சுத் தோய்ச்சாளுவோ. உசுரக் காப்பாத்துனா, அதுக்காக ஊருக்கு ஏலம் போட்டுடலாமா?

அத விடு. அதயாச்சும் நா முழுங்கிட்டேன். மங்கை விஷயத்த முழுங்க முடியல.

மங்கைக்குச் சின்ன வயசுலேந்து வலிப்பு உண்டு. உனக்குத் தெரியும், உன்னோட பள்ளிக்கூடத்துக்கு வந்தவதானே. வருஷத்துக்கு ஒரு தடவ, ரெண்டு தடவ. பெருசா ஒண்ணும் இல்ல. ஏழாவது படிக்கிறப்ப கொளத்துல குளிக்கிற நேரத்துல வந்துடுச்சு. முழுகுனவ எந்திரிக்கல. உங்கம்மா குதிச்சு முடியப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டா. அதையும் நா இல்லேங்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேதான் வர்றேன் பாரு, ஒண்ணையும் மறைக்கல.

மங்கைக்கு வயசாயிக்கிட்டே போவுது, மாப்ள ஒண்ணும் அமையல. கடைசியா மன்னார்குடிலேந்து ஒரு எடம். பையனுக்கு மின்சார வாரியத்துல வேலை. பொண்ணு பாத்துப் புடிச்சுப் போயி, பூ வைக்கிற நாளு குறிச்சாச்சு. பையனோட சித்தி ஒருத்தி, கெட்டிக்காரி, யாருக்கும் சொல்லாம ஒரு நாள் காலையில பஸ்ஸு ஏறி வந்து நம்ம படித்துறையில கால் கழுவுற மாதிரி ஒக்காந்திருக்கா. பொண்ணப் பத்தி விசாரிக்கணும்னா இந்தப் பக்கம் டீக்கடைக்குப் போவாங்க, இல்ல பொம்பள படித்துறைக்கு வருவாங்க. உங்கம்மா சொல்லிட்டா. "தங்கமான பொண்ணு. வலிப்பு ஒண்ணு வரும், மாத்திரை போட்டா நிக்கும். தண்ணிக்கும் நெருப்புக்கும் தனியா விடாம பாத்துக்குங்க"ன்னு. அன்னிக்கு சாயங்காலமே மன்னார்குடிலேந்து ஆளு வந்து, வேணாம்னுட்டாங்க.

நா உங்கம்மா வாசல்ல நின்னு கேட்டேன். தெருவே பாக்கக் கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "மறைச்சுக் குடுத்து அங்க போயிப் பொண்ணு அடுப்புல விழுந்தா என்னடி பண்ணுவ?"ன்னா. எம் பொண்ணு அடுப்புல விழறதப் பத்தி அவளுக்கு என்ன கவலை? பெத்தவ நானா அவளா? அன்னிக்குச் சொன்னேன், "இனிமே உன் வாசப்படிய நா மிதிச்சா எம்பேரு தையல்நாயகி இல்ல"ன்னு. நீ அப்பத்தான் கத்தார் போயிருந்த. போன்ல சொல்லியிருப்பா.

அவளக் கொல்ல முடியுமா? முடியாது. வாயத் தைக்க முடியுமா? அதுவும் முடியாது. அவளுவோ ஒக்காந்து பேசுற எடத்தை எடுத்துடலாம்ல? அது எனக்கு ஒரு ராத்திரியில தோணல, மூணு வருஷம் ஆச்சு. உங்க மாமா பஞ்சாயத்துல வைஸ் பிரசிடெண்டு ஆனப்ப தோணுச்சு. சமுதாயக் கூடம் கட்ட எடம் தேடிக்கிட்டு இருந்தாங்க. நாந்தான் சொன்னேன், "ஊரு நடுவுல ஒண்ணரை ஏக்கரா சும்மா தண்ணி நிக்குது"ன்னு. மொதல்ல மாட்டேன்னாரு. எங்க தாத்தன் வெட்டுன கொளம், ஆத்துத் தண்ணி வந்து ரொம்புற கொளம், அது இதுன்னு நீட்டி மொழக்குனாரு. நா அடுப்ப அணைச்சுட்டு மாயவரத்துக்குப் போயிட்டேன். பதினாலு நாள் ஹோட்டல்ல சாப்ட்டாரு. பதினஞ்சாம் நாள் வந்து கூட்டிக்கிட்டுப் போனாரு. பயன்படாத குட்டைன்னு எழுதிட்டாங்க. பயன்படாத! அத்தன பேரு தெனம் குளிக்கிற கொளம். எனக்கே சிரிப்பு வந்துச்சு.

சித்திரைக் கடைசியில தண்ணி முழங்காலுக்கு எறங்கிடும்ல, ஊரே எறங்கி மீன அரிச்சு வீட்டுக்கு வீடு பங்கு போடுவாங்கல்ல, அந்த வருஷமும் போட்டாங்க. எனக்கு ஒரு விரால், நாலு கெண்டை வந்துச்சு. நா வாங்கிக்கிட்டேன். அப்புறம் டிப்பர் லாரி வந்துச்சு. வருஷா வருஷம் வண்டல் அள்ளிக் கொல்லைக்கு அடிப்பாங்க, இந்த வருஷம் பஞ்சாயத்தே தூர் வாருதுன்னு நெனச்சுட்டாளுவோ. லாரிக்காரனுக்கு மோர் கரைச்சுக் கொண்டு போயிக் குடுத்தது யாரு தெரியுமா? உங்கம்மா. பெருங்காயம் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு. டிரைவரு மோரக் குடிச்சு முடிச்சுட்டுப் பின்பக்கத்தத் தூக்குனான். இடிச்ச கட்டடத்து ரப்பீஸு, செங்கக்கட்டி, உடஞ்ச கக்கூஸ் பீங்கான் எல்லாம் பொம்பள படித்துறையில போயி விழுந்துச்சு.

நா மாடியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். உங்கம்மா காலி சொம்பக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. பொய் சொல்ல மாட்டேன், குளுகுளுன்னு இருந்துச்சு எனக்கு.

அப்புறம் மறிச்சாளுவோ. உங்கம்மா லாரிக்கு முன்னாடி சேத்துல ஒக்காந்தா. போலீஸ் வந்து தூக்குச்சு. கோர்ட்டுக்குப் போனாங்க, தடை வாங்கறதுக்குள்ள முக்கால்வாசி தூர்ந்து போச்சு. தடை வந்ததால கூடமும் கட்டல. இன்னிக்கும் சீமைக்கருவை மண்டிக் கெடக்குது, பாத்திருப்ப. ஆக கொளமும் இல்ல, கூடமும் இல்ல. அதுக்கு நானா பொறுப்பு? தடை வாங்குனவங்கள கேளு.

ஊரு என்னென்னவோ சொல்லுது. கொளத்தத் தூத்ததுலேந்து அடிபம்புத் தண்ணி உப்பாயிடுச்சாம். கடல் ஆறு மைல்ல இருக்கு, உப்பு வராம சர்க்கரையா வரும்? அப்ப ஏன் இத்தன வருஷம் நல்ல தண்ணி வந்துச்சுன்னு தனபாக்கியம் எங்கிட்டயே கேக்குறா. கொளத்துத் தண்ணி ஊறித்தான் உப்ப மேல வர விடாம அமுக்கி வச்சிருந்துச்சுன்னு காலேஜ்லேந்து ஒருத்தன் வந்து சொல்லிட்டுப் போனானாம். இருக்கும். எனக்கென்ன, நா எறநூத்தம்பது அடிக்குப் போரு போட்டேன். அதுவும் உப்புத்தான். குழாயெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்கு, பருப்பு வேக மாட்டேங்குது. அது போரு போட்டவன் பண்ண கோளாறு.

மழை பெஞ்சா தெருத்தண்ணி எல்லாம் முன்ன கொளத்துக்குத்தான் ஓடும். இப்ப நேரா எங்க வீட்டுக்கு வருது, நாந்தான் பள்ளத்துல இருக்கேன். மூணு வருஷம் முழங்கால் தண்ணி. அது அரசாங்கம் ரோட்ட ஒசத்திப் போட்டதால. லாரி வந்துட்டுப் போன அந்த வாரம் ஆமையும் தவளையும் தெருவுல திரிஞ்சுதுங்க, எங்க போறதுன்னு தெரியாம. ஒரு ஆமை இந்த வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. வெளக்குமாத்தால தள்ளி விட்டேன். கொசு வந்துச்சு. முன்ன கொசு இல்லியாம், மீனு தின்னுடுமாம். உங்க மாமா காய்ச்சல்ல செத்தாரு, டெங்குன்னாங்க. அதுக்கும் கொளத்த இழுத்தாளுவோ. பொணம் வீட்டுல கெடக்கறப்ப ஒருத்தி எங்காது கேக்கவே சொல்றா, "தூத்தவன் வாயிலயே மண்ணு விழுந்துச்சு"ன்னு. நல்ல மனுஷன் தியாகு உங்க மாமா. நாந்தான் தூத்தேன். அவரு கையெழுத்து மட்டுந்தான் போட்டாரு.

உங்கம்மாவுக்குக் கருமாதி எங்க பண்ணுன? பக்கத்து ஊருக் கொளத்துல எறங்க விடலயாமே. கேன் தண்ணிய வாங்கி ஊத்திப் பண்ணுனியாமே. கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் சொல்லல, மைக்கு செட்டுக்காரன் பேசிக்கிட்டுப் போனது காதுல விழுந்துச்சு. இப்பல்லாம் எனக்கு எதுவுமே யாரும் சொல்றதில்ல. மொதல்ல அதுதான் வேணும்னு இருந்தேன். நிம்மதின்னா நிம்மதி அப்படி ஒரு நிம்மதி. வீட்டுக்கு வீடு பாத்ரூம் கட்டிக்கிட்டாளுவோ. தெருவுல ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்குறது பொங்கலுக்கும் சாவுக்குந்தான். யாருக்குத் தூரம், யாருக்கு மாசம், எவளுக்கும் எவளப் பத்தியும் ஒண்ணும் தெரியாது. நா நெனச்சது நடந்துச்சு. உங்கம்மா வாயும் மூடிடுச்சு. பேச ஆளு வேணுமே.

அவளும் பாத்ரூம் கட்டுனா, உன் காசுலதான். அறுபது வயசு வரைக்கும் நாலு செவுத்துக்குள்ள குளிச்சறியாதவ. உப்புத்தண்ணி பட்டுப் பட்டுத் தரை வழவழன்னு ஆயிடும், நா வாரத்துக்கு ரெண்டு தடவ தேய்ப்பேன். அவளுக்கு அது தெரிஞ்சிருக்காது. படித்துறைக் கல்லுல கால் வச்சுப் பழகுனவ. எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு சொல்ல வரல. சொல்லியிருக்க மாட்டேன்.

இரு. வந்துட்டேன். உன் கேள்விக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.

தெருவுல பதினேழு வீடு இருக்கு தியாகு. உங்கம்மா விழுந்தது திங்கக்கெழமை காலையில. பதினேழு வீட்டுல எவளாச்சும் போனாளா? தனபாக்கியம் போனாளா? அன்னிக்கு அந்த அழுவ அழுதாளே, அவ போனாளா? எவளுக்கும் தெரியல. எல்லாரையும் விட்டுட்டு என் வாசல்ல வந்து நிக்கிற. ஏன்னா நீ எனக்குத்தான் போன் பண்ணுன. பன்னெண்டு வருஷமா பேசாத வீட்டுக்கு ஏன் பண்ணுன? பக்கத்து வீடுன்னா? எந்நம்பர் யாரு குடுத்தா? உங்கம்மாவா? எதுனா அவசரம்னா அத்தைக்குப் பண்ணுடான்னு அவளே குடுத்தாளா?

அவளே குடுத்தாளா.

சரி கேளு. நீ போன் பண்ணுனப்ப நா கொல்லையில நிக்கிறேன். உங்கம்மா வீட்டுக் கொடியில பச்சப் புடவை ஒண்ணு தொங்குது. அதப் பாத்துக்கிட்டேதான் உங்கிட்ட பேசுனேன். புடவை தொங்குனா ஆளு இருக்கான்னுதானே அர்த்தம்? அதான் பாத்தேன்னு சொன்னேன். ஒரு விதத்துல பொய்யில்ல.

அப்படிப் பாக்காத.

பொய்தான். அது ஞாயித்துக்கெழமை காயப் போட்ட புடவை. திங்கக்கெழமையும் அங்கதான் தொங்குச்சு, எனக்குத் தெரியும். நீ போன் பண்ணுன அன்னிக்கே மத்தியானம் மழை பெஞ்சுது. எவளும் காஞ்ச புடவைய மழையில விட மாட்டா. இவ எடுக்கல. புடவை நனைஞ்சு கொடி தாழ்ந்து மண்ணுல பொரளுது. நா ஜன்னல்லேந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கெழவிக்குத் திமிரப் பாரு, மவன் சம்பாதிக்கிற திமிருன்னு வாய்விட்டுச் சொன்னேன். சொன்னேனே ஒழிய அடுப்பு வேலை ஓடல. மழை விட்டதும் வேலி வரைக்கும் போனேன். போனேன் தியாகு, நெசமாப் போனேன். படலுல கைய வச்சேன். செங்கமலம்னு ஒரு கொரல் குடுத்தாப் போதும். இருவது அடி.

குடுக்கல.

ஏன்னா, அவ நல்லா இருந்து, நிதானமா வெளியில வந்து, "என்னடி தையலு, எட்டிப் பாக்க வந்தியா?"ன்னு கேட்டுட்டா? எத்தன வருஷமா நா திட்டுனது அந்த ஒண்ணுக்குத்தானே? அடுத்தவ வீட்ட எட்டிப் பாக்குறான்னுதானே? அதுக்காகத்தானே கொளத்தையே தூத்தேன்? இப்ப நானே போயி நின்னா எம் மூஞ்சிய எங்க வச்சுக்குறது? திரும்பி வந்துட்டேன். வந்து ரசம் வச்சேன்.

டாக்டரு என்ன சொன்னாருன்னு எனக்கும் தெரியும். செவ்வாக்கெழமை ராத்திரி வரைக்கும் உசுரு இருந்திருக்குன்னாரு. எனக்கு யாரும் வந்து சொல்லல. போஸ்ட்மார்ட்டம் வண்டிப் பக்கத்துல நானே போயி நின்னு கேட்டேன். உங்க ஆளுங்க எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க, எந்துணி மேல பட்டுடக் கூடாதுன்னு. அந்தத் தரையில கெடந்தா என்ன தெரியும், கதவு எப்படித் தெரியும், எல்லாம் எனக்குத் தெரியும். வேற எவளுக்கும் தெரியாது. அவ கத்தியிருப்பா. சத்தம் வந்திருக்காது. நாந்தான் வருவேன்னு... இல்ல, என்னை நெனச்சிருக்க மாட்டா. தனபாக்கியத்த நெனச்சிருப்பா.

நா அழுவல. கண்ணு எரியுது.

மங்கை வந்தாளே சாவுக்கு, பாத்தியா? ஓசூர்லேந்து ராத்திரி முழுக்க பஸ்ஸுல வந்திருக்கா. உங்க வீட்டுல மூணு நாள் இருந்துட்டு, இந்த வாசல மிதிக்காம போயிட்டா. மன்னார்குடி எடம் தட்டிப் போனப்புறம், வேற எடத்துல வலிப்ப மறைச்சுத்தான் அவளக் கட்டிக் குடுத்தேன். கல்யாணமான ஒம்போதாம் நாள் சமையக்கட்டுல விழுந்து கையி வெந்து போச்சு. மாப்ள நல்ல மாதிரி, வச்சு வைத்தியம் பாத்தாரு. அவ எங்கிட்ட பேசுறதில்ல. வாரா வாரம் உங்கம்மாகிட்டதான் பேசுவா. செவுரு வழியாக் கேக்கும் எனக்கு, உங்கம்மா "மாத்திரை போட்டியாடி"ன்னு கேக்குறது. பதில் என்னன்னு கேக்காது.

என்ன பண்ணப் போற என்னை? போலீஸ்ல சொல்லப் போறியா? சொல்லு. பொய் சொன்னதுக்கு எந்தச் சட்டத்துல புடிப்பாங்கன்னு தெரியல. அடிக்கணும்னா அடிச்சுட்டுப் போ, ஆனா ஒண்ணும் பேசாம நிக்காத. வீட்டப் பூட்டிச் சாவிய நீ எங்கிட்ட குடுக்க மாட்டேன்னு தெரியும். குடுக்க வேணாம். மன்னிப்பும் நா கேக்கல. கேட்டாக் குடுக்கவும் மாட்ட.

போறியா? சரி, போ.

தியாகு. ஒரு நிமிஷம் நில்லு. அங்கயே நில்லு, கிட்ட வர வேணாம்.

எந்நம்பரு உங்கிட்ட இருக்கு. அழிக்காத. மங்கைக்கு நா பண்ணுனா எடுக்க மாட்டா, வேற ஆளு இல்ல எனக்கு. கத்தார்ல வேலைக்குப் போறப்ப தெனம் காலையில ஒரு போன் அடி. பேச வேணாம். நா எடுத்துட்டு உடனே வச்சுடுறேன், உன் காசு போவாது. ஒரு நாள் எடுக்கலேன்னா, ரெண்டு தடவ அடிச்சும் எடுக்கலேன்னா, தெருவுல யாருகிட்டயாச்சும் கேப்ப. இப்பத்தான் பாத்தேன், நல்லாத்தான் இருக்கான்னு எவளாச்சும் சொல்லுவா. அத நம்பிட்டு வேலையப் பாக்கப் போயிடாத.